எழுபது வளைவும் ஒரே வேகம்

1

காலை ஏழு ஐந்துக்கு, முதல் செல்ஃபிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் யாரும் ஒழுங்காகக் கவனிக்கவும் இல்லை.

காளப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே, சோளத்தட்டுப் போரை ஒட்டிய களம். போர்வெல் ரிக்கில் கழித்துப்போட்ட மூன்று ட்ரில் ராடுகளை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக் தொங்கவிட்டிருந்தது. அதன் அடியில் பானட் இல்லாத பழைய பெட்ரோல் ஜீப். உள்ளே உட்கார்ந்திருந்ததோ டீசல் இன்ஜின். போன வருஷம் வரை ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டிருந்த இன்ஜின்.

"பிடிச்சிருச்சா?" என்று கத்தினான் முருகானந்தம். தன் குரலே தனக்குக் கேட்காததால் அவன் எப்போதும் கத்தித்தான் பேசுவான்.

"கையை வெச்சிருக்கீங்களே மாமா, தெரியலீங்களா?" என்றாள் அவன் மனைவி தமிழ்ச்செல்வி, அவன் முகத்துக்கு நேராக நின்று.

"தெரியுது. உன்ற வாயால சொல்லு."

"பிடிச்சிருச்சுங்க! நெம்ப நல்லா ஓடுது. ஏறாம எறங்காம ஒரே சீரா இருக்குது."

"ஒரே சீரா?"

"ஒரே சீரா!"

அவன் பல் தெரியச் சிரித்தான். ரிக் மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இருபது வருடம் ரிக் வண்டியில் இருந்தவன். சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைக்கும்போது, அலறும் கம்ப்ரசருக்கு நாலடி தள்ளி நின்றவன். அந்தச் சத்தம் இடது காதை முழுதாகத் தின்றுவிட்டது. வலது காதில் குக்கர் விசில் மட்டும் தேறியது. மூன்று வருடத்துக்கு முன் ரிக் முதலாளி, "சத்தம் கேக்காதவன் ராடுக்குக் கீழ நின்னா உசுரு போயிரும் சாமி" என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு எந்த ஒர்க்‌ஷாப்பும் அவனைச் சேர்க்கவில்லை. இன்ஜின் பேசுவதைக் கேட்க முடியாதவனுக்கு மெக்கானிக் வேலை எதற்கு என்றார்கள். முட்டை வண்டி ஓட்டும் தமிழ்ச்செல்விதான், தான் சரக்கு ஏற்றும் தீவன மில்லில் சொல்லி, அவனுக்கு வாட்ச்மேன் வேலை பிடித்து வைத்திருந்தாள். இடம் காலியாவது வருகிற திங்கட்கிழமைதான்; அன்று சேர வேண்டும்.

"செவிடனை வாட்ச்மேனாப் போட்டா திருடன் பாட்டுப் பாடிக்கிட்டே வருவான்" என்றான் முருகானந்தம். சிரிக்கத்தான் சொன்னான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

அப்போதுதான் கொல்லிமலையிலிருந்து மாதேஸ்வரன் வந்தார்.

மலை மேலே சோளக்காட்டுச் சந்தைக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒன்பது பழைய பெட்ரோல் ஜீப்புகள். அந்த ஜீப்காரர்களின் சங்கத்துக்கு அவர் தலைவர். ஒன்பதுக்கும் டீசல் இன்ஜின் மாற்றுவதாகச் சங்கத்தில் முடிவாகிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதற்கான அனுமதிக் காகிதங்களையும் வாங்கி வைத்திருந்தார்.

"ஒண்ணை மட்டும் உன்கிட்ட உடறேன்" என்றார். "காரவள்ளி அடிவாரத்துல இருந்து எழுபது வளைவும் ஏறோணும். பதினஞ்சு மூட்டை சிமெண்ட்டோட. எதிர் வண்டிக்கு நிக்கலாம். தண்ணி ஊத்த, ஆற உட நிக்கப்படாது. ஏறிட்டா மீதி எட்டும் உன்ற களத்துக்கு வரும். ஏறலைன்னா ஒம்பதும் குழந்தைவேலுக்கு."

குழந்தைவேல் நாமக்கல்லில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்.

அன்றிலிருந்து நாற்பது நாள். இன்று அந்த நாள்.

2

ஏழு பத்துக்கு வாசலில் ஹாரன் அடித்தது.

"பத்து மணிக்குத்தானே வாரேன்னாரு!" என்று பதறினாள் தமிழ்ச்செல்வி. ஜீப்பை ஒரு தடவைகூட களத்தைச் சுற்றி ஓட்டிப் பார்க்கவில்லை. கடைசி டீசல் பைப் முந்தின நாள் சாயங்காலம்தான் சேலத்திலிருந்து வந்திருந்தது.

மாதேஸ்வரன் வேட்டியை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாகக் குழந்தைவேல்.

"மேல பன்னெண்டு மணிக்கு ஒரு கல்யாணம் இருக்குது அம்மிணி, அதான் வெள்ளனா வந்துட்டேன். இவரும் கூட வரட்டும். சாட்சிக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

குழந்தைவேலுக்கு ஒரு பழக்கம். முருகானந்தத்தைப் பற்றிப் பேசும்போது அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான். உதட்டைப் பார்க்க முடியாவிட்டால் முருகானந்தத்துக்குப் பேச்சு புரியாது. அது குழந்தைவேலுக்குத் தெரியும்.

இப்போதும் திரும்பிக்கொண்டான். "தலைவரே, கல்யாண மண்டபத்து இன்ஜினைப் போட்டிருக்கறாரு. ஏத்தத்துல நின்னு போச்சுன்னா கவலைப்படாதீங்க, சீரியல் பல்பாச்சும் எரியும்."

"என்ன சொல்றான்?" என்று கேட்டான் முருகானந்தம்.

"வண்டி நல்லா பிரகாசமா இருக்குதுங்கறாரு" என்றாள் தமிழ்ச்செல்வி.

மாதேஸ்வரன் பீடியைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார்.

பானட்டை மாட்டினார்கள். சிமெண்ட் மூட்டைகளைப் பின்னால் அடுக்கினார்கள். அதன் மேல் சாக்கை விரித்து மாதேஸ்வரனும் குழந்தைவேலும் உட்கார்ந்தார்கள். முன்னால் முருகானந்தம். ஸ்டியரிங்கில் தமிழ்ச்செல்வி. மலை ரோட்டில் ஹாரன் கேட்காமல் வண்டி ஓட்ட முடியாது என்பதால் முதலிலிருந்தே அதுதான் ஏற்பாடு.

முதல் கியர். ஜீப் கிளம்பியது. இரண்டு. மூன்று. காரவள்ளி ரோட்டில் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. தமிழ்ச்செல்வி ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது. இன்ஜின் அதே சத்தம். ஸ்பீடோமீட்டர் முள் முப்பத்தேழில் நின்றது. நகரவில்லை.

கேபிள் அறுந்துவிட்டதோ? காலை எடுத்தாள்.

அப்போதும் அதே சத்தம். அதே முப்பத்தேழு.

வளைவைத் தாண்டினால் எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறி ஆட்டு மந்தை!

பிரேக்கை அழுத்தினாள். ஜீப் குறைவதற்குப் பதில் முறுக்கிக்கொண்டு முன்னால் தள்ளியது. அவள் பிடிக்கப் பிடிக்க இன்ஜின் இன்னும் வேகமாக டீசலைக் குடித்துத் தன் வேகத்தை விடாமல் முட்டியது. ஆடுகள் பத்தடியில். எட்டடியில். இடது கால் தானாகக் கிளட்சில் இறங்கியது. இன்ஜின் கழன்றுகொள்ள, சக்கரங்கள் தேய்ந்து, ஜீப் ஒரு கிடாயின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கிடாய் முறைத்துவிட்டு நகர்ந்தது.

"என்ன அம்மிணி, பிரேக்கும் மண்டபத்துல கழட்டுனதுதானா?" என்றான் குழந்தைவேல் பின்னாலிருந்து.

"புது பிரேக்குங்ண்ணா. ஆட்டை வெச்சு டெஸ்ட் பண்ணினேன்" என்றாள். மந்தை விலகியதும் முதல் கியரைப் போட்டுக் கிளம்பினாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. காலையில் கேட்ட அந்த ஒரே சீரான சத்தம். அதுதான் கோளாறு.

3

ரிக்கில் வாய்ப்பேச்சு கிடையாது. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது. அங்கே எல்லாம் கைதான். மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் வேகம். கையைத் தட்டையாக நீட்டினால் மாற்றம் இல்லை. காது போன பிறகு முருகானந்தம் அந்தப் பாஷையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். சாம்பாருக்கு உப்பு பற்றவில்லை என்பதற்குக்கூட அவர்கள் வீட்டில் ஒரு ரிக் சைகை உண்டு.

தமிழ்ச்செல்வி இடது கையைக் கியர் கம்பிக்குப் பக்கத்தில், பின்னால் இருப்பவர்கள் பார்க்க முடியாத தாழ்வில் வைத்துக்கொண்டாள். விரலைச் சுழற்றினாள். பிறகு தட்டையாக நீட்டினாள்.

வேகம். மாற்றம் இல்லை.

முருகானந்தம் புருவத்தைச் சுருக்கினான். அவள் கண்ணால் தன் காலைக் காட்டினாள். பெடலைத் தரைவரை மிதித்தாள். விட்டாள். மிதித்தாள். விட்டாள். அவன் உள்ளங்கை டேஷ்போர்டின் மேல் இருந்தது. அதிர்வில் ஒரு மயிரிழைகூட மாற்றம் இல்லை.

அவன் முகம் வெளுத்தது.

டீசல் பம்பை அவனே பிரித்து, அவனே மாட்டினான். வேகத்தைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூவை இறுக்கி, லாக் நட் போட்டு, மெல்லிய கம்பியைச் சுற்றி முத்திரை வைத்ததும் அவன் கைதான். இருபது வருடம் ரிக்கில் நூறு பம்புக்கு அப்படித்தான் செய்திருக்கிறான். அங்கே இன்ஜின் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பாறையைக் குடைந்தாலும் சரி, மண்ணைக் குடைந்தாலும் சரி, முள் அசையக் கூடாது. ஜீப்புக்கு அப்படி வைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் கட்டிவிட்டது. ஆக்ஸிலேட்டர் கேபிளை எவ்வளவு இழுத்தாலும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் நீளுமே தவிர, பம்பின் நெம்புகோல் நகராது.

காது இருந்திருந்தால் களத்திலேயே ஒரு தடவை முடுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பான்.

முஷ்டியை மூடினான். நிறுத்து.

சொல்லிவிடலாம் என்பது அதன் அர்த்தம். பிரித்துச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் குழந்தைவேல் சும்மா இருக்க மாட்டான். 'செவிடன் கட்டின வண்டி, முடுக்குனாக்கூட ஏறாது' என்று மலை முழுக்கச் சொல்லிவிடுவான். அந்தப் பேச்சை எந்த ஸ்பேனரை வைத்துக் கழற்றுவது?

தமிழ்ச்செல்வி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மூன்று விரலைக் காட்டினாள். பிறகு கட்டைவிரலால் தன் நெஞ்சைத் தொட்டாள்.

மூன்று கியர் இருக்கிறது. நான் இருக்கிறேன்.

"அங்க என்ன, ரெண்டு பேரும் கபடியா ஆடறீங்க?" என்றான் குழந்தைவேல்.

"கொசுங்ண்ணா."

காரவள்ளி செக்போஸ்ட் வந்தது. அதைத் தாண்டியதும் மஞ்சள் பலகை. முதல் வளைவு.

4

ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுகள் வந்துகொண்டே இருந்தன.

முதல் கியரில் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டாவதில் இருபத்து நாலு. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த வேகங்கள். நடுவில் எதுவும் கிடையாது. நேர் ரோட்டில் இரண்டாவது, வளைவில் முதலாவது என்று பிரித்துக்கொண்டாள். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டாள்.

ஆறாவது வளைவில் கியர் பெட்டி கரகரவென்று பல்லைக் கடித்தது. எட்டிலும் அதே.

"கியர் பாக்ஸ் மேல போறதுக்குள்ள பொடியாயிரும்" என்றான் குழந்தைவேல்.

பழைய ஜீப்பில் ஓடும்போது முதல் கியருக்கு இறக்குவது கஷ்டம். இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் பொருந்த வேண்டும். சாதாரண வண்டியில் அதற்கு ஆக்ஸிலேட்டரைத் தட்டிவிட வேண்டும். இங்கே தட்ட ஒன்றுமில்லை. ஆனால் இங்கே இன்ஜின் வேகம் மாறவே மாறாதே! அப்படியென்றால் பொருந்துகிற இடமும் ஒரே ஒரு இடம்தான். முள் பதின்மூன்றுக்கு வருகிற அந்த நொடி.

பதினொன்றாம் வளைவில் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது. பதினேழு. பதின்மூன்று. கம்பியைத் தள்ளினாள்.

நெய்யில் கரண்டி இறங்கியது போல இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் முள்ளைப் பார்க்கவில்லை. நாலு வருடமாக முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவள். ஒரு முட்டை உடையாமல் கிளட்சை விடத் தெரிந்த காலுக்கு ஒரு வேகத்தை மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? இருபதாம் வளைவு. இருபத்தைந்து. முப்பது. ஜீப் முக்கவில்லை. திணறவில்லை. ஏற்றம் செங்குத்தானால் இன்ஜின் தானே டீசலைக் கூட்டிக்கொண்டது. சமமானால் தானே குறைத்துக்கொண்டது. பின்னால் பதினைந்து மூட்டை சிமெண்ட் இருப்பதே அதற்குத் தெரிந்த மாதிரி இல்லை.

முருகானந்தம் டேஷ்போர்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

முப்பத்தெட்டாம் வளைவில் ஒரு ஹாரன் கேட்டது.

மேலிருந்து பஸ். வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. டிரைவர் ஜீப்பைப் பார்த்து நிறுத்தினார், ஆனால் பஸ்ஸின் மூக்கு ஏற்கெனவே நடுரோட்டுக்கு வந்துவிட்டது. தமிழ்ச்செல்வி கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினாள். ஜீப் நின்றது. மலையிலேயே செங்குத்தான இடம். இடது பக்கம் தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

பஸ் பின்னால் போனது. முன்னால் வந்தது. ஒடித்துத் திருப்பி, உரசாமல் கீழே இறங்கிப் போனது.

இப்போது கிளம்ப வேண்டும்.

மேட்டில் நிற்கும் வண்டியைக் கிளப்ப மூன்று கால் வேண்டும். கிளட்சுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஆக்ஸிலேட்டருக்கு ஒன்று. மனுஷனுக்கு இருப்பது இரண்டுதான். பிரேக்கிலிருந்து கால் ஆக்ஸிலேட்டருக்குத் தாவுகிற அந்த இடைவெளியில்தான் வண்டி பின்னால் உருளும். அல்லது உறுமி கிளட்சை எரிக்கும். பெட்ரோல் ஜீப்புகள் கிளட்சை எரித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த முப்பத்தெட்டாம் வளைவில்தான்.

"எறங்கிக் கல்லு வெக்கட்டுமா?" என்றார் மாதேஸ்வரன்.

"பின்னால உருண்டா நான் குதிச்சுருவேன், இப்பவே சொல்லிட்டேன்!" என்றான் குழந்தைவேல்.

தமிழ்ச்செல்வி கிளட்சை மெதுவாக விட்டாள். முட்டைத் தட்டுக்கு விடுகிற மாதிரி. கிளட்ச் கடித்தது. இன்ஜின் ஒரு துளி தாழ்ந்தது. உடனே உள்ளே ஏதோ ஒன்று 'ஓகோ, பாரமா?' என்று கேட்டது போல டீசலைக் கூட்டியது. ஜீப்பின் முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. அவள் பிரேக்கை விட்டாள்.

ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. பதின்மூன்று கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றுமே நடக்காதது போல ஏறியது.

இரண்டு காலே போதும்!

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு பீறிட்டது. முருகானந்தத்தைப் பார்த்தாள். அவன் கண்கள் விரிந்திருந்தன. அவனுக்கும் அது உள்ளங்கை வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் தடவையாக, மூடியே இருந்த மறு கையின் முஷ்டியைத் திறந்தான். விரலை முன்னால் நீட்டினான்.

போ.

5

நாற்பத்தாறாம் வளைவில் ஒரு ஊற்றுக் குழாய் உண்டு. மலை ஜீப்புகள் எல்லாம் அங்கே நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் குடிக்கும். இரண்டு ஜீப்புகள் பானட்டைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நின்றன. டிரைவர்கள் குடத்தோடு நின்றார்கள்.

"இங்க கண்டிப்பா கொதிக்கும்" என்று வெப்ப முள்ளை எட்டிப் பார்த்தான் குழந்தைவேல்.

முள் பாதியைத் தாண்டவில்லை. கல்யாண நாட்களில் மணிக்கணக்காக முழுப் பாரத்தில் ஓடுவதற்கென்றே செய்த இன்ஜின். அதன் பெரிய ரேடியேட்டரையும் முருகானந்தம் விடாமல் கழற்றிக் கொண்டுவந்து பொருத்தியிருந்தான்.

ஜீப் நிற்காமல் அவர்களைத் தாண்டியது. ஒரு டிரைவர் குடத்தைச் சாய்த்ததையே மறந்து பார்த்தான். தண்ணீர் அவன் காலில் கொட்டியது. இன்னொருவன் வாயில் விரலை வைத்து விசிலடித்தான்.

அந்த விசில் முருகானந்தத்தின் வலது காதில் விழுந்துவிட்டது. "என்னத்துக்கு விசிலு?" என்று கத்தினான்.

"உங்களுக்குத்தான் மாமா!"

ஐம்பத்தெட்டாம் வளைவில் குழந்தைவேல் சாக்கை விட்டு எழுந்தான். கூலிங் கிளாஸைக் கழற்றினான். குனிந்தான்.

"தலைவரே! அம்மிணி காலைப் பாருங்க. ஆக்ஸிலேட்டர்லயே இல்ல! சும்மா தரையில கிடக்குது! என்னமோ தில்லாலங்கடி பண்ணியிருக்காங்க!"

மாதேஸ்வரன் எட்டிப் பார்த்தார். தமிழ்ச்செல்வியின் வலது கால், செருப்போடு, பெடலுக்கு ஒரு சாண் தள்ளி ஓய்வாக இருந்தது. ஜீப் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் முகம் இறுகியது. "மேல போயிப் பேசிக்கலாம்" என்றார்.

மீதிப் பன்னிரண்டு வளைவுகளிலும் அவர் கண் அவள் செருப்பிலேயே இருந்தது.

எழுபது.

6

சோளக்காட்டில் சந்தை கூடியிருந்தது. பலாப்பழமும் மிளகு மூட்டையும் வாழைத்தாரும் இறங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஜீப் வந்து நின்றது. மாதேஸ்வரன் குதித்தார். பானட்டைத் தொட்டுப் பார்த்தார். வண்டிக்கு அடியில் குனிந்து முகர்ந்தார். கிளட்ச் எரிந்த வாசம் இல்லை.

"இப்பச் சொல்லு. காலு வெக்காம வண்டி எப்பிடி ஏறுச்சு?"

தமிழ்ச்செல்வி வாயைத் திறப்பதற்குள் முருகானந்தம் முன்னால் வந்தான்.

"என்ற தப்புங்க" என்றான். சந்தைக்கே கேட்டது. "ரிக் பழக்கத்துல பம்பை ஒரே வேகத்துக்குக் கட்டிப்போட்டேன். எனக்குக் காது கேக்காது. அதான் கண்டுபிடிக்கல. இவதான் கியரை வெச்சே ஏத்திட்டு வந்தா. ரெண்டு மணி நேரம் குடுங்க, மாத்திடறேன். வேண்டாம்னாலும் சரிங்க. ஆனா ஏமாத்தோணும்னு பண்ணல."

குழந்தைவேல் கைகொட்டிச் சிரித்தான். இப்போது திரும்பிக்கொள்ளக்கூட இல்லை. "கேட்டுக்கிட்டீங்களா தலைவரே? ஆக்ஸிலேட்டரே வேலை செய்யாத வண்டி! மலைக்கு இதுதான் வேணுமா?"

மாதேஸ்வரன் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஏறி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சந்தைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் சந்து உண்டு, ஏணி மாதிரி ஏறும். பாதி மேட்டில் ஜீப்பை நிறுத்தினார். கிளட்சை விட்டார். ஏறியது. மறுபடி நிறுத்தினார். விட்டார். ஏறியது. மூன்றாவது தடவை, வேண்டுமென்றே முரட்டுத்தனமாகக் காலை எடுத்தார். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, அணையாமல் ஏறிப் போயிற்று.

கூட்டம் சேர்ந்துவிட்டது. டிரைவர்கள் வாழைத்தாரைத் தோளில் வைத்தபடியே பார்த்தார்கள்.

அவர் இறங்கி வரும்போது தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"குழந்தைவேலு, எங்க பசங்க மாசம் ஒரு கிளட்ச் பிளேட் திங்கறானுங்க. எதுல? மேட்டுல நிறுத்தி மேட்டுல எடுக்கறதுல. இந்த ரோட்டுல நாப்பதுக்கு மேல எவன் போவான்? போறவன் பள்ளத்துலதான் போவான். எனக்கு இதே மாதிரிதான் வேணும். மாத்திப்புடாதப்பா!"

முருகானந்தம் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை அசைத்தான்.

"இப்பிடியே தர மாட்டேனுங்க."

"என்னது?"

"நிக்கறப்பவும் இதே வேகத்துல உறுமுனா டீசல் வீணு. பிரேக் அடிச்சா முட்டும். ஒரு ஆடு இன்னிக்குச் சாவப் பாத்துச்சு. டிராக்டர்ல இருக்கற மாதிரி கையில ஒரு லீவர் வெச்சுத் தாரேன். ஏத்தத்துல இழுத்து மாட்டுனா இதே வேகம். எடுத்து உட்டா, காலுக்கு ஆக்ஸிலேட்டர். ரெண்டும் உங்களுக்கு."

குழந்தைவேலின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவனும் மெக்கானிக்தான். கேட்டதும் அவன் மூளை அந்த லீவரை வரைந்து பார்த்தது. சரியாகத்தான் வரும் என்று அவன் முகமே சொல்லியது. "கீழ நான் பஸ்ஸுல போயிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு நடந்தான்.

மாதேஸ்வரன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். முருகானந்தத்துக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அவர் என்னவோ சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. முருகானந்தம் திகைத்துப்போய் மனைவியைத் தேடினான்.

தமிழ்ச்செல்வி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். எட்டு விரல்கள்.

அவன் ஒரு தடவை எண்ணினான். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினான். பிறகு, இருபது வருடம் ரிக்கில் நின்றவன், நூறு கிணற்றில் தண்ணீர் பீறிட்டபோதுகூட ஆடாதவன், மிளகு மூட்டைகளுக்கு நடுவே தோளில் கிடந்த துண்டைச் சுழற்றி ஒரு ஆட்டம் போட்டான்.

7

சிமெண்ட்டை இறக்கினார்கள். மாதேஸ்வரன் இழுத்த இழுப்பில் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். பந்தியில் முருகானந்தத்துக்குப் பக்கத்தில் உட்கார ஜீப் டிரைவர்களுக்குள் தள்ளுமுள்ளு. ஒருவன் அவன் இலையில் மூன்றாவது ஜிலேபியை வைத்தான். வாய் பேசினால் கேட்காது என்பதால், அது தன் ஜீப்புக்கு அவன் செய்த சிபாரிசு.

இரண்டரைக்கு இறங்க ஆரம்பித்தார்கள். முதல் கியரில், அதே பதின்மூன்றில், எழுபது வளைவும் ஒவ்வொன்றாக வந்தன. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. தமிழ்ச்செல்வி ஒதுங்கி வழி விட்டாள். கை காட்டிவிட்டு அது தாண்டிப் போனது. ஐந்து வளைவு தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் ஒன்று.

"இவங்களுக்கெல்லாம் இன்னிக்கு என்ன அவசரம்?" என்றாள்.

"என்ன?" என்றான் முருகானந்தம்.

"ஒண்ணுமில்ல, தூங்குங்க."

களத்து வாசலுக்கு வந்தபோது அவளுக்கு விடை கிடைத்தது. முக்காலிக்கு முன்னால் நாலு ஜீப்புகளும் ஒன்றோடொன்று மூக்கு இடிக்க நின்றன. நாலு டிரைவர்களும் நடுவில் நின்று சட்டையைப் பிடிக்காத குறையாக மல்லுக்கு நின்றார்கள்.

"செக்போஸ்ட்டுல நான்தான் முதல்ல வந்தேன்!"

"உன்ற வண்டி இன்ஜினுக்குப் போன மாசம்தான் போரிங் பண்ணுனது, அது ஒரு வருஷம் தாங்கும். என்றதைப் பாரு, புகையா வருது!"

"ஏனுங்கக்கா, நீங்களே சொல்லுங்க, பந்தியில ஜிலேபி வெச்சது யாரு?"

"தலைவர் எனக்குத்தான் சொன்னாரு!"

"தலைவர் உன்ற மாமன். அவரு அப்பிடித்தான் சொல்லுவாரு!"

தமிழ்ச்செல்வி இன்ஜினை அணைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். நாலு பேரும் அவளை விட்டுவிட்டு முருகானந்தத்தைச் சூழ்ந்தார்கள். நாலு சாவிகள் அவன் மூக்குக்கு நேராக ஆடின. நாலு வாய்களும் ஒரே நேரத்தில் கத்தின.

முருகானந்தத்துக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கிட்டத்தில் இருந்த சாவியை வாங்கிக்கொண்டு, நிம்மதியாகப் போய் அந்த ஜீப்பின் பானட்டைத் திறந்தான்.